மலைக்காணிக்கு ஒரு பழைய குட்டி ட்ராக்டர்: எட்டு மாதம் ஓட்டிய பிறகு

நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில். ட்ராக்டர் ஓடுவது மாத்தளை ரத்தோட்டைக்கு மேலே மாமாவின் காணியில், மூன்றரை ஏக்கர், மிளகும் கராம்பும் கொஞ்சம் கோப்பியும். காணியில் தட்டையான இடம் என்று சொல்ல வீட்டு முற்றமும் கீழே ஒரு துண்டும்தான், மிச்சமெல்லாம் சரிவு. பசளை மூட்டையை வீதியில் இறக்கினால் மேலே கொண்டுபோக இரண்டு பேர் வேண்டும், இப்போது ஒருவரைப் பிடிப்பதே கஷ்டம். மாமாவுக்கு 68 வயது, அவரே தோளில் தூக்க ஆரம்பித்த பிறகுதான் நானும் மச்சானும் காசைச் சேர்த்து ஒரு மெசின் வாங்குவதென்று முடிவெடுத்தோம். வாங்கி எட்டு மாதம் ஆகிறது. இதே மாதிரி கொழும்பில் இருந்துகொண்டு ஊர்க்காணிக்கு மெசின் தேடுகிற ஆட்கள் நிறையப் பேர் இருப்பார்கள், அவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் எல்லாரும் சொன்னது லாண்ட்மாஸ்டர், அதாவது கைப்பிடியால் ஓட்டுகிற இரண்டு சக்கர ட்ராக்டர், போதும் என்று. விலையும் குறைவு, பாகங்களும் எங்கேயும் கிடைக்கும். வயலுக்கு அது நல்ல மெசின், அதில் சந்தேகமில்லை. ஆனால் சரிவில் பின்னால் இழுக்கிற பெட்டியோடு இறங்கும்போது அதன் ஸ்டியரிங் கிளச் தலைகீழாக வேலை செய்யும். தட்டையில் இடது கைப்பிடியை அழுத்தினால் இடப்பக்கம் திரும்பும், இறக்கத்தில் பாரம் பின்னாலிருந்து தள்ளும்போது அதே இடது கைப்பிடியை அழுத்தினால் வலப்பக்கம் போகும். பழகினவர்களுக்கே ஒரு நொடி தடுமாறும், மாமாவிடம் அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் உட்கார்ந்து ஓட்டுகிற, நான்கு சக்கரமும் இழுக்கிற சின்ன ஜப்பான் ட்ராக்டர் என்று தேடத் தொடங்கினோம்.

இங்கே ஒரு விஷயம் கவனம். விளம்பரங்களில் ‘ஃபோர் வீல் ட்ராக்டர்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து நான்கு சக்கரமும் இழுக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நம் நாட்டில் இரண்டு சக்கர லாண்ட்மாஸ்டரிலிருந்து பிரித்துச் சொல்வதற்காக எல்லாப் பெரிய ட்ராக்டருக்கும் அந்தப் பெயர்தான். நான்கு சக்கரம் இருக்கிறது என்பது மட்டுமே அதன் அர்த்தம். ‘ஃபோர் வீல் டிரைவ்’ வேறு. நான் இரண்டு தரம் இதற்காக வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போய், முன் அச்சைக் குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். தொலைபேசியிலேயே ‘முன் சக்கரத்துக்கு எஞ்சினிலிருந்து தண்டு போகிறதா’ என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, வாகன இறக்குமதியை 2020 மார்ச்சில் நிறுத்தி 2025 இல்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த இடைவெளியில் விற்பனை யார்டுகளில் கிடந்த மெசின்கள் பல கை மாறி, பெயின்ட் மேல் பெயின்ட் வாங்கி நிற்கின்றன. பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். முதலில் போன இடத்தில் செம்மஞ்சள் பெயின்ட் போல்ட்டுகளுக்கு மேலேயும், ரப்பர் குழாய்க்கு மேலேயும், ஒரு இடத்தில் எண்ணெய்க் கசிவுக்கு மேலேயும் அடித்திருந்தார்கள். மணிக்கணக்கு மீட்டர் 600 சொச்சம் காட்டியது. ஆனால் கிளச் பெடலின் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிகிறது, பின்னால் பெட்டி கொளுவுகிற துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்தில் இருக்கிறது. 600 மணி ஓடின மெசினில் அப்படித் தேயாது. அதோடு நாங்கள் போகும்போது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தது, குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகக் கஷ்டப்பட்டால் அதை மறைக்க இப்படிச் செய்வார்கள். கையை வைத்துப் பார்த்த பாஸ் (கூட வந்த மெக்கானிக்) என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், ‘பிறகு கதைக்கிறோம் நானா’ என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

பாஸ் என்பது கொட்டாஞ்சேனையில் டீசல் எஞ்சின் வேலை செய்கிற மெக்கானிக், எங்கள் வானைப் பல வருடமாகப் பார்க்கிறவர். அரை நாள் கூலி கொடுத்து அவரைக் கூட்டிப் போனதுதான் இந்த முழு விஷயத்தில் நான் செலவழித்த காசிலேயே உருப்படியான காசு.

வாங்கினது கண்டி வீதிப் பக்கம் உள்ள ஒரு யார்டில். பெயர் போடவில்லை, ஏன் என்று பிறகு விளங்கும். மெசின் குபோட்டா பீ வரிசை, மூன்று சிலிண்டர் டீசல், 16 குதிரைவலு, நான்கு சக்கரமும் இழுக்கும், பின்னால் மண்ணைக் கொத்திக் கிளறுகிற ரொட்டவேட்டரோடு. 14 லட்சம் கேட்டார்கள், 12 லட்சத்து 50 ஆயிரத்தில் முடிந்தது. காலையில் எட்டு மணிக்கு முன்னமே போனோம், ‘நாங்கள் வரும் வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்’ என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தோம், சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார்கள். எஞ்சின் சில்லென்று இருந்தது. டேஷ்போர்டில் ஒரு சின்னத் துளைக்குள் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது, சாவியை ஹீட்டர் பக்கம் திருப்பிப் பிடித்தால் அது மெல்ல மெல்லக் கருஞ்சிவப்பாகி, அப்புறம் அடுப்புத் தணல் மாதிரிச் சிவக்கும். சிவந்த பிறகு ஸ்டார்ட் பண்ணினால் இரண்டாம் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை, அரை நிமிடத்தில் நின்றுவிட்டது. நீலப் புகை வந்து நிற்காமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும், அது எஞ்சின் எண்ணெய் எரிகிறது. பாஸ் எண்ணெய் மூடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கையை மேலே பிடித்துப் பார்த்தார், பெரிதாக ஊதவில்லை, ஊதினால் எஞ்சின் உள்ளே தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். டீசல் ஃபில்டருக்குக் கீழே உள்ள கண்ணாடிக் குப்பியில் தண்ணீரோ துருவோ தெரியவில்லை. பின்னால் உள்ள கருவியைத் தூக்குகிற ஹைட்ரோலிக் எண்ணெயின் அளவுகோலைத் துடைத்து எடுத்துப் பார்த்தோம், பால்தேத்தண்ணி நிறமாக இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம், இது தெளிவாக இருந்தது. ரொட்டவேட்டரைத் தூக்கி எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தோம், கிட்டத்தட்டத் தூக்கின இடத்திலேயே நின்றது.

இவ்வளவும் எந்த ட்ராக்டருக்கும் பார்க்க வேண்டியவை. மலைக்கு வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது இதற்கு மேல்தான் தொடங்குகிறது. கொழும்பைச் சுற்றியுள்ள எல்லா யார்டும் தட்டை நிலம். தட்டையில் எல்லா மெசினும் நல்ல பிள்ளை. ஓட்டிக் காட்டுகிறவர் சத்தமாக ஆக்சிலேட்டரைக் கொடுத்து, மண் குவியலில் ஏற்றிக் காட்டுவார், நாமும் ‘அடேயப்பா, ஏறுகிறதே’ என்று சொல்வோம். ஏறுவது பெரிய விஷயமே இல்லை. ஏற முடியாத மெசின் அங்கேயே நின்றுவிடும், ஒன்றும் ஆகாது. இறங்கும்போது நிற்க முடியாத மெசின்தான் ஆளைக் கொல்லும். அதனால் இறக்கத்தில் சோதித்துப் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

அந்த யார்டில் லொறியில் ஏற்றுவதற்காக மண்ணால் கட்டின ஒரு சாய்தளம் இருந்தது. அதில் ஏற்றி, மேலே திருப்பி, முதல் கியரில் போட்டு இறங்கச் சொன்னோம். பாதியில் நிறுத்தச் சொன்னோம். இந்தச் சின்ன ட்ராக்டர்களில் வலது காலுக்குப் பக்கத்தில் இரண்டு பிரேக் பெடல்கள் இருக்கும், ஒன்று இடது பின் சக்கரத்துக்கு, மற்றது வலதுக்கு. வயலில் கிட்டத் திருப்புவதற்காக அப்படிப் பிரித்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பூட்ட ஒரு சின்னக் கொளுக்கி இருக்கும். அதைப் பூட்டிவிட்டு அழுத்தினால் இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில், ஒரே அளவு பிடிக்க வேண்டும். எங்களுடையது முதலில் இடப்பக்கம் மட்டும் கடித்தது. மெசின் முழுவதும் இடப்பக்கம் லேசாகத் திரும்பி நின்றது, சாய்தளத்தின் ஓரத்தில் இரண்டு அடி இருந்ததால் பரவாயில்லை. எங்கள் காணியில் அந்த இரண்டு அடி கிடையாது, ஒரு பக்கம் கல் அடுக்கின அணை, மறு பக்கம் பள்ளம். பாஸ் அங்கேயே பிரேக் கம்பியின் நட்டைத் திருகிச் சரிபார்த்தார், நான்கு தரம் ஏறி இறங்கின பிறகு இரண்டும் சமமாகப் பிடித்தது. பிறகு கைப்பிரேக்கைப் போட்டுப் பாதிச் சரிவில் பத்து நிமிடம் சும்மா விட்டோம், அசையவில்லை. அப்போதுதான் எனக்கு வாங்கலாம் என்ற நம்பிக்கை வந்தது.

நான்கு சக்கர இழுவை ஏன் கட்டாயம் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். இந்த அளவு ட்ராக்டர்களில் பெரும்பாலும் முன் சக்கரத்துக்குப் பிரேக் கிடையாது. இறக்கத்தில் பாரம் முழுவதும் முன்பக்கம் சாயும், பின் சக்கரம் இலேசாகி வழுக்கும், பிரேக் பிடித்தும் மெசின் சறுக்கிக்கொண்டே போகும். முன் அச்சும் கியரோடு சேர்ந்திருந்தால் எஞ்சின் பிடிப்பு முன் சக்கரத்துக்கும் போகும். அதனால் ஏற்றத்தைவிட இறக்கத்துக்குத்தான் நான்கு சக்கர இழுவையைப் போடுகிற லீவர் முக்கியம். எங்கள் மாமா ஆரம்பத்தில் ஏறும்போது போட்டுவிட்டு இறங்கும்போது எடுத்துவிடுவார், டீசல் மிச்சமாகுமாம். மழை பெய்த மறுநாள் ஒரு தரம் நாலைந்து அடி வழுக்கின பிறகு அந்த லீவரை அவர் எடுப்பதில்லை.

அடுத்தது தலைக்கு மேலே உள்ள இரும்புச் சட்டம். மெசின் உருண்டால் ஓட்டுகிறவர் நசுங்காமல் காப்பது அதுதான், சீட் பெல்ட்டோடு சேர்த்து. பழைய ஜப்பான் ட்ராக்டர்கள் பலவற்றில் அது இல்லை. இதே யார்டில் ஒரு லட்சம் குறைவாக இன்னொன்று நின்றது, எஞ்சின் இதைவிட நல்ல சத்தம், ஆனால் சட்டம் இல்லை. ‘பைப் வளைத்து வெல்டிங் பண்ணித் தருகிறோம்’ என்றார்கள். வேண்டாம் என்றேன். அந்தச் சட்டம் பின் அச்சு உறையில் தடித்த போல்ட்டால் பூட்டப்பட்டு, மெசினின் முழுப் பாரத்தையும் உருளும் வேகத்தோடு தாங்க வேண்டும். மட்காட்டில் ஒட்டின பைப் வெயிலுக்குக் கூரை போட மட்டும்தான் உதவும். சட்டம் உள்ள மெசினுக்காக இரண்டு மாதம் கூடுதலாகத் தேடினோம், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

சரி, இப்போது அந்த யார்டோடு வந்த பிரச்சினை. லொறியில் ஏற்றி, கடுகண்ணாவை ஏற்றத்தில் லொறி ஊர்ந்து ஊர்ந்து போய், இருட்டும் நேரம் ஒரு மாதிரி காணிக்கு வந்து சேர்ந்தது. முதல் கிழமையிலேயே ஒரு விசித்திரம். நான்கு சக்கர இழுவையைப் போட்டு வீட்டு முற்றத்துக் கொங்கிரீட்டில் ஓட்டினால் முன் டயர் விட்டு விட்டு உரசுகிறது, பிறகு லீவரை எடுக்கப் போனால் வரவே வராது, கொஞ்சம் பின்னால் எடுத்தால்தான் டொக்கென்று விடும். பாஸிடம் வீடியோ அனுப்பினேன். ‘முன் டயரின் அளவைப் படம் எடுத்து அனுப்புங்கள் தம்பி’ என்றார். அதுதான் விஷயம். யார்டில் பழைய முன் டயர் வெடித்திருந்ததால், விற்பதற்கு முன் புது டயர் போட்டிருக்கிறார்கள், ஆனால் ஒரு அளவு பெரியது. நான்கு சக்கர இழுவையில் முன் சக்கரமும் பின் சக்கரமும் கியரால் கட்டப்பட்டவை, முன் சக்கரம் பின்னதைவிட மிகக் கொஞ்சம் வேகமாக, நூற்றுக்குச் சில பங்கு மட்டும், ஓடுகிற மாதிரித்தான் செய்திருப்பார்கள். டயர் பெரிதானால் அந்தக் கணக்குக் கெட்டுப்போகும், இரண்டு அச்சும் ஒன்றையொன்று இழுக்கும், இளகின மண்ணில் வழுக்கிச் சமாளிக்கும், இறுகின தரையில் உள்ளே இருக்கும் பல்சக்கரம் உடையும் வரை முறுக்கும். புது டயர் என்று சந்தோஷப்பட்டு நாங்கள் அதைப் பார்க்கவே இல்லை.

யார்டுக்காரரிடம் கதைத்தேன். ‘புது டயர்தானே போட்டுத் தந்தோம், அது நல்லதுதானே’ என்றார். முதல் நாள் அப்படி, இரண்டாம் நாள் தொலைபேசியை எடுக்கவில்லை, மூன்றாம் நாள் நேரே போய் உட்கார்ந்தேன். கோபப்படவில்லை, அவர் இன்னொரு வாடிக்கையாளருக்கு மெசின் காட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று, டயர் அளவை எழுதின தாளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கடைசியில் சரியான டயருக்குப் பாதிக் காசு தந்தார், அந்தப் பெரிய டயர்களையும் திருப்பி எடுத்துக்கொண்டார். முழுவதும் தந்திருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். சரியான அளவு ஜோடியைக் கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தையில் மூன்று கடை ஏறி இறங்கி நான்காவதில் பிடித்தேன். நீங்கள் வாங்கும்போது டயர் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவை, முன்னும் பின்னும், மெசினின் மாடலுக்கு உரியதா என்று அங்கேயே பாருங்கள்.

பஞ்சிகாவத்தையைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. இந்த மாடலுக்குச் சாமான் இருக்கிறதா என்று கேட்டால் பாதிக் கடையில் இல்லை என்பார்கள். மாடலைச் சொல்லாதீர்கள், பழைய சாமானைக் கையில் கொண்டுபோங்கள். எண்ணெய் சீலின் விளிம்பில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு என்று மூன்று எண் பொறித்திருக்கும், பெயாரிங்கிலும் எண் இருக்கும். அந்த எண்ணுக்குச் சாமான் கொடுக்கும் கடைக்காரருக்கு அது ட்ராக்டருக்கா தண்ணீர்ப் பம்புக்கா என்பது பொருட்டே இல்லை. முன் அச்சுச் சீல் இரண்டு, ஃபேன் பெல்ட், ஃபில்டர்கள் எல்லாம் இப்படித்தான் ஒரே நாளில் எடுத்தேன்.

வாகனப் பத்திரம்: சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் மண்ணைச் சுரண்டி நீங்களே படித்துப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள், லீசிங் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். நம்பர் இல்லாத மெசினை ‘காணிக்குள்ளே ஓட்டத்தானே’ என்று மலிவாகத் தருவார்கள். எங்கள் காணியின் இரண்டு துண்டுக்கும் நடுவில் பிரதேச சபை வீதி ஓடுகிறது, அதைக் கடக்காமல் ஒரு வேலையும் நடக்காது, அதனால் அந்தப் பேச்சுக்கே நாங்கள் போகவில்லை.

இனி வேலை எப்படி. பெட்டியில் பசளை, மிளகு மூட்டை, கிளிரிசீடியா மரத் தடிகள் எல்லாம் ஏற்றி இறக்குவதில் இது தங்கம். முன்னர் இரண்டு பேர் ஒரு நாள் செய்ததை மாமா காலைச் சாப்பாட்டுக்கு முன் முடிக்கிறார். பெட்டிக்குப் பிரேக் இல்லாதபடியால் இறக்கத்தில் அரைப் பாரம்தான், இறங்க ஆரம்பிப்பதற்கு முன்னமே சின்னக் கியரில் போட்டுவிட வேண்டும், நடுவில் கிளச்சை மிதிக்கவே கூடாது, மிதித்தால் எஞ்சின் பிடிப்பு விட்டுப்போய் உருள ஆரம்பிக்கும். எதையும் இழுப்பதென்றால் கீழே உள்ள கொளுக்கியில் மட்டும்தான் கட்ட வேண்டும். உயரத்தில் கட்டினால் முன் சக்கரம் தூக்கிக் கண் மூடித் திறப்பதற்குள் மெசின் பின்னால் கவிழும். பின் டயர்களுக்குள் முக்கால்வாசித் தண்ணீர் நிரப்பினோம். வால்வை மேலே வைத்து அந்த மட்டம் வரை விட்டால் கணக்குச் சரி. குளிர் நாடுகளில் உறையாமல் இருக்க உப்பு கலப்பார்கள், நமக்குக் கிணற்றுத் தண்ணீரே போதும். பாரம் கீழே இறங்கினதும் சரிவில் அதன் நடையே மாறிவிட்டது.

லீவர்களில் உள்ள எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. மச்சான் ஃபோன் கமராவால் மொழிபெயர்த்து, வெள்ளைப் பெயின்ட்டில் தமிழில் எழுதிவிட்டார். கருவியைச் சுழற்றும் பின் தண்டுக்கு இதில் மூன்று வேகம் இருக்கிறது, புல்வெட்டி நிமிடத்துக்கு 540 சுற்றுக்குச் செய்தது, கூடின வேகத்தில் போட்டால் பிளேடு தெறிக்கும். அதனால் ‘1’ ஐத் தவிர மற்றவற்றுக்குப் பக்கத்தில் ‘புல்வெட்டிக்கு வேண்டாம்’ என்று எழுதியிருக்கிறது. அந்தத் தண்டுக்கு மேலே இருக்க வேண்டிய மூடி இல்லாமல்தான் யார்டில் தந்தார்கள், மாத்தளையில் ஒரு பட்டறையில் செய்து போட்டோம். சாரம் கட்டிக்கொண்டு வேலை செய்கிற இடத்தில் அந்த மூடி இல்லாமல் ஒரு நாளும் ஓட்டக்கூடாது.

ரொட்டவேட்டர்தான் நான் நினைத்த அளவு உதவவில்லை. சரிவில் ட்ராக்டர் மேலும் கீழுமாக நேரே ஓடினால்தான் உருளாது. ஆனால் மண்ணைச் சரிவுக்குக் குறுக்கே கொத்தினால்தான் மழையில் அரித்துப்போகாது. மெசினுக்குப் பாதுகாப்பானது மண்ணுக்குக் கூடாது. அதனால் கீழே உள்ள தட்டைத் துண்டில் மட்டும் உழுகிறோம். மேலே பழையபடி மண்வெட்டியும் கல்லணையும் கிளிரிசீடியா வேலியும்தான். யாரோ ஜே.சி.பி. கொண்டுவந்து ட்ராக்டர் போக மேலே வரைக்கும் பாதை வெட்டித் தருவதாகச் சொன்னார்கள். மாமா மறுத்துவிட்டார். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் மண்ணுக்குள் போனதை அவர் மறக்கவில்லை, நாங்களும் மறக்கவில்லை. மலையின் அடியை வெட்டுவதென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு வரைபடத்தைப் பார்த்து, அவர்களிடம் கேட்ட பிறகுதான். ஒரு மெசினுக்காக மலையை வெட்டத் தேவையில்லை.

மொத்தத்தில் மெசினுக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். யார்டுக்கு மூன்று. குளிர்ந்த எஞ்சினைக் காட்டினார்கள், சாய்தளத்தில் எத்தனை தரம் கேட்டும் முகம் சுளிக்காமல் ஓட்டிக் காட்டினார்கள், பத்திரம் சுத்தம். டயர் விஷயத்தில் நடந்துகொண்ட விதம்தான் மீதி இரண்டையும் எடுத்துவிட்டது. அடுத்த மாதம் மச்சானின் கூட்டாளி ஒருவர் பண்டாரவளைக் காணிக்கு இதே மாதிரி ஒன்று தேடிப் போகிறார், பாஸும் நானும் கூடப் போகிறோம், டயர் அளக்க நாடா ஒன்று பையில் எடுத்து வைத்திருக்கிறேன்.